உள்வாயில் உமரி

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம்.
நாலு பிளாஸ்டிக் குழாயை மூட்டிச்
சேற்றின்மேல் போட்டு
அதற்குள் நிற்பதை மட்டும் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
கீழ்விளாகம் ஏரி, ராணிப்பேட்டைக்குக் கிழக்கே.
தை பாதி போய்விட்டது.
தண்ணீர் மதகுப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள
விட்டுப்போன உள்வாய் முழுக்கப் புல்.
புல் என்பது தூரத்திலிருந்து சொல்வது.

கட்டம் ஒன்று. கோரை, நாற்பத்திரண்டு தாள்.
விரலிடையில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும்.
புல் உருளும், கோரை உருளாது,
மூன்று விளிம்பும் இடிக்கும்.
கிள்ளினால் உள்ளே வெண்பஞ்சு,
பஞ்சுக்குள் காற்று.
சேற்றில் மூச்சுக்கு வழியில்லை.
வேருக்கு வேண்டியதை வெயிலிலிருந்து வாங்கித்
தாளின் வழியே இறக்கிக்கொண்டிருக்கிறது.
சி.எம்.சி. வார்டில் மாமனார் மூக்கில் செருகிய குழாய்
ஞாபகம் வந்தது.
படிவத்தில் அதற்குக் கலம் இல்லை.

கட்டம் நான்கு. ஆரைக்கீரை. எண்ண முடியாது.
'பரவல் அறுபது சதம்' என்று எழுதினேன்.
நீர்ப்பிரமி, பொடுதலை, அவற்றின்மேல்
நடந்துபோன எருமையின் குளம்படி ஒன்று.
குளம்படிக்குள் இரண்டு விரல் தண்ணீர்,
தண்ணீருக்குள் தலைப்பிரட்டை ஆறு.
செடியில்லை என்பதால் சேர்க்கவில்லை.

'இன்னாம்மா, புல்லுக்கு சென்சஸா?'
தேசிங்கு.
பதினொரு எருமைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.
'ஒண்ணொண்ணா எண்ணி இன்னா ஆவப்போவுது?
இதுங்க வாய வெக்கிற எடத்தப் பாரு, தெரியும்.'
பார்த்தேன்.
நீர்முள்ளிப் புதரை மட்டும் தொடாமல்
சுற்றி வளைத்து மேய்ந்திருந்தன.
அந்த முள்ளின் தயவில் உள்ளே
வேறெங்கும் இல்லாத உயரத்துக்கு நாணல் குருத்து,
கொட்டியின் மிதக்கும் இலை இரண்டு,
வைக்கோல் நிறத்தில் ஓர் உள்ளான்,
தானும் ஒரு தாவரம் என்று நம்பிக்கொண்டு.
என் சட்டம் முள்ளின்மேல் உட்காராது.
கட்டம் ஒன்பதைப் பக்கத்தில் போட்டேன்.
இது ஏமாற்றுவேலைதான்.

பதினேழுக்கு மேல் தரை மாறுகிறது.
தோல் ஷெட்டு ஓடை வந்து சேரும் மூலை.
ஷெட்டைப் பூட்டிச் சீல் வைத்தார்கள்,
உப்புக்குச் சீல் வைக்க ஆளில்லை.
கோடையில் வெள்ளையாகப் பூக்குமாம் மண்,
'கோலமாவு கொட்டுன மாரி.'
பதினேழில் கோரை முழங்கால்கூட இல்லை, நுனி கருகியது.
பதினெட்டில் அருகு.
பத்தொன்பதில் நான் வைத்த கால்தடம்.

இருபதில், பட்டியலில் இல்லாத ஒன்று.
தடித்த குட்டி இலைகள், அடியில் சிவப்பு,
நசுக்கினால் நீர் விடும்.
நாக்கில் வைத்தேன்.
மரக்காணத்து உப்பளக் கரை நாக்கில் வந்து நின்றது.
உமரி.

கடலுக்கு இங்கிருந்து மூன்று பஸ் மாற வேண்டும்.
இது எதில் ஏறி வந்தது?
உள்ளானின் கால்சேற்றிலா,
பச்சைத்தோலுக்குத் தடவ உப்பு ஏற்றிவந்த லாரியின்
தார்ப்பாய் மடிப்பிலா,
எத்தனை வருஷம் காத்திருந்தது
இந்த மண் தன் ஊர்போல் கரிக்கும்வரை.

படிவம் கேட்கிறது: உள்ளூர் இனமா, அயல் இனமா?
பேனா நின்றுவிட்டது.
அயல் என்றால், உப்பை யார் கணக்கில் எழுதுவது?
உள்ளூர் என்றால், அந்த ஓடையையும்
உள்ளூர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா?
ஆனால் அதன் நிழலில், சுண்டுவிரல் நீள நிழலில்,
மண் கொஞ்சம் ஈரமாக இருந்தது.
ஓர் எறும்பு அங்கே நின்றுவிட்டுப் போனது.

யோசிப்பதற்குள் கொம்பொடிந்த எருமை ஒன்று
சட்டத்துக்குள் தலையை விட்டு
ஒரு வாய் கடித்தது.
மென்றது. நின்றது. கண்ணை மூடியது.
'ருசி கீது போல,' என்றார் தேசிங்கு.

உமரி: ஒன்பது என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.
அதற்குள் அது மறுபடி தலையைக் குனிந்தது.